பல்பு 38 ஓம் காட்டுது, கணக்கு 1392 வாட்ஸ் சொல்லுது, யார் மேல தப்பு?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தைல ஒரு தடவை சொல்லிடறேன், அப்பதான் நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு உங்களுக்கும் தெரியும். புதுசா ஒரு மல்டிமீட்டர் வாங்கியிருக்கீங்க. வீட்ல இருக்கற மூணு சாமானை கரண்ட் இல்லாம ஓம்ஸ்ல வெச்சு பாத்திருக்கீங்க. 1000 வாட்ஸ் அயன்பாக்ஸ் 52 ஓம், கோழிக்குஞ்சு கூண்டுல போடற 100 வாட்ஸ் குண்டு பல்பு 38 ஓம், 75 வாட்ஸ் சீலிங் ஃபேன் 150 ஓம். அப்புறம் வோல்டேஜை வோல்டேஜாலயே பெருக்கி ஓமால வகுத்தா வாட்ஸ்னு டிப்ளமோல படிச்சதை வெச்சு கணக்கு போட்டீங்க. 230ஐ 230ஆல பெருக்கினா 52900. அயன்பாக்ஸுக்கு 1017 வந்துச்சு, சந்தோஷம். பல்புக்கு 1392, ஃபேனுக்கு 353. ஃபார்முலா தப்பா, மீட்டர் தப்பா, இல்ல நான்தான் தப்பான்னு கேட்டிருக்கீங்க. வோல்டேஜும் கரண்டும் வெச்சு ரெசிஸ்டன்ஸும் பவரும் எப்படி கண்டுபிடிக்கறதுன்னுதான் தலைப்பு போட்டிருக்கீங்க, ஆனா அது உங்களுக்கே தெரியுது, நீங்க கேக்கறது அந்த கணக்கை எங்க நம்பலாம் எங்க நம்பக்கூடாதுன்னு.

நான் எஞ்சினியர் இல்லீங்க. ஐடிஐல எலக்ட்ரீஷியன் ட்ரேட் முடிச்சுட்டு கோயமுத்தூர் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைல இருபத்தாறு வருஷமா உக்காந்திருக்கேன். காயில், கன்டென்சர், மிக்ஸி, கிரைண்டர், போர் மோட்டார் இதெல்லாம் என் கை பாத்தது, அதுக்கு மேல உள்ள தியரிக்கு உங்க லெக்சரரைத்தான் பிடிக்கணும். ஆனா இந்த கேள்விக்கு பட்டறை அனுபவமே போதும். மூணு பேர் மேலயும் தப்பில்ல. மீட்டர் காட்டினது சரி, ஃபார்முலா சரி, உங்க பெருக்கல் வகுத்தலும் சரி. ஆறிப்போய் சும்மா கெடக்கற சாமான்ல எடுத்த ஓமை, ஓடிக்கிட்டிருக்கற சாமானோட வோல்டேஜோட சேத்துட்டீங்க, கோளாறு அங்கதான்.

கணக்கை ரெண்டே வரில சொல்லிடலாம். வோல்டேஜை கரண்டால வகுத்தா ஓம். வோல்டேஜை கரண்டால பெருக்கினா வாட்ஸ். மத்த எல்லா ஃபார்முலாவும், கரண்டோட கரண்டை பெருக்கி ஓமால பெருக்கறது, நீங்க போட்ட வோல்டேஜ் ரெண்டு தடவை வர்றது, எல்லாமே இந்த ரெண்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு வந்தது, தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. அயன்பாக்ஸ் 230 வோல்ட்ல 4.35 ஆம்பியர் எடுக்குதுன்னா 230 ÷ 4.35 = 52.9 ஓம், 230 × 4.35 = 1000 வாட்ஸ். அவ்வளவுதான். இதுல பசங்க தப்பு பண்றது பெரும்பாலும் மில்லி ஆம்பியர்லதான். மீட்டர் 330ன்னு காட்டும், அது மில்லி ஆம்பியர்னு பாக்காம 230ஐ 330ஆல வகுத்து 0.69 ஓம்னு எழுதிட்டு வருவாங்க. 0.69 ஓம் உள்ள சாமானை 230 வோல்ட்ல போட்டா 333 ஆம்பியர் இழுக்கணும், மீட்டர் போர்டே பத்திக்கும். பதில் வந்ததும் இப்படி ஒரு தடவை திருப்பி போட்டு பாக்கற பழக்கம் இருந்தா பாதி தப்பு பேப்பர்லயே மாட்டிக்கும்.

இப்ப அயன்பாக்ஸ் மட்டும் ஏன் ஒழுங்கா கணக்குக்கு வந்துச்சு? அதுக்குள்ள இருக்கறது நைக்ரோம் கம்பி, நிக்கலும் குரோமியமும் கலந்தது. 1906ல ஆல்பர்ட் மார்ஷ்னு ஒரு அமெரிக்கக்காரர் அதுக்கு பேட்டன்ட் வாங்கினார், இன்னைக்கு டோஸ்டர்ல இருந்து ஹீட்டர் ராடு வரைக்கும் ஓடறது அந்த சாதிதான். அந்தக் கம்பியோட கொணம் என்னன்னா சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் பெருசா ஏறாது, நல்லா சூடாகி நிக்கறப்ப கூட சில பர்சன்ட்தான் மாறும். அதனால ஆறிப்போன அயன்பாக்ஸ்ல எடுத்த 52 ஓமும் துணி தேய்க்கறப்ப இருக்கற ஓமும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஹீட்டர், கெட்டில், கீசர் எல்லாத்துலயும் நீங்க பண்ணின கணக்கு தைரியமா பண்ணலாம், நானும் அப்படித்தான் பண்றேன். ஹீட்டர் ராடு நல்லா இருக்கான்னு பாக்க பிளக்ல மீட்டரை வெப்பேன், 1500 வாட்ஸ் ராடுன்னா 35 ஓம் பக்கத்துல வரணும், வந்துச்சுன்னா காயில் முழுசா இருக்கு. அதுக்கப்புறம் பிளக்குல எர்த் பின்னை விட்டுட்டு மத்த ரெண்டுல ஒரு பின்னுக்கும் ராடோட வெளி மெட்டலுக்கும் நடுவுல வெச்சு பாக்கணும், அங்க ஏதாவது ஓம் காட்டினா அந்த ராடை தண்ணில போடவே கூடாது.

பல்பு அப்படி இல்ல. அதுக்குள்ள டங்ஸ்டன். பல்பு எரியறப்ப அந்த இழை 2500 டிகிரி அளவுக்கு சூடாகுது, டங்ஸ்டனோட ரெசிஸ்டன்ஸ் சூடு ஏற ஏற ஏறிக்கிட்டே போகும். 100 வாட்ஸ் பல்பு எரியறப்ப 0.435 ஆம்பியர் எடுக்கும், 230ஐ அதால வகுத்தா 529 ஓம். ஆறினப்ப 38, எரியறப்ப 529, பதினாலு மடங்கு. மல்டிமீட்டர் ஓம் பாக்கறப்ப உள்ள இருக்கற பேட்டரில இருந்து துளியூண்டு கரண்ட்தான் அனுப்பும், அதை வெச்சு இழையை சூடாக்க முடியாது, அதனால அதுக்கு தெரிஞ்சது ஆறின பல்பு மட்டும்தான். உங்க 1392 வாட்ஸும் பொய்யில்ல தெரியுமா. ஸ்விட்சை போட்ட அந்த நொடில, இழை சூடாகறதுக்கு முன்னாடி, பல்பு 6 ஆம்பியர் வரைக்கும் இழுக்குது, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இழை சூடாகி கரண்ட் எறங்கிடுது. குண்டு பல்பு எல்லாம் எரிஞ்சுக்கிட்டே இருக்கறப்ப போறதை விட ஸ்விட்ச் போட்டதும் டப்புன்னு போறது அதிகம், பாத்திருப்பீங்க. இழை எங்க மெலிஞ்சிருக்கோ அங்க அந்த முதல் இழுப்பு தாங்காது.

அப்ப ஓம்ஸ் லா தப்பான்னு அடுத்து கேப்பீங்க. இங்க ரெண்டு விஷயத்தை பிரிச்சு வெச்சுக்கங்க. வோல்டேஜை கரண்டால வகுத்தா வர்றது ரெசிஸ்டன்ஸ்ங்கறது ஒரு பேரு வெக்கற வேலை, அது எப்பவும் சரி, எரியற பல்புக்கும் சரி ஆறின பல்புக்கும் சரி, அந்தந்த நேரத்து வோல்டேஜையும் கரண்டையும் போட்டா அந்தந்த நேரத்து ஓம் வரும். ஓம்ஸ் லா சொல்றது அதுக்கு மேல ஒண்ணு, வோல்டேஜை ஏத்தினாலும் எறக்கினாலும் அந்த வகுத்தல் மாறாம ஒரே நம்பரா நிக்கும்னு. அது சூடு மாறாத வரைக்கும் உலோகத்துக்கு பொருந்தும். ஜெர்மனில கொலோன் ஊர்ல வாத்தியாரா இருந்த கியோர்க் சைமன் ஓம் இதை 1827ல புத்தகமா போட்டார். அவருக்கு நம்மளை மாதிரியே ஒரு தலைவலி, அந்த காலத்து பேட்டரி கரண்ட் இழுக்க இழுக்க வோல்டேஜ் எறங்கிடும், அளவு நிலையா நிக்காது. அதனால அவர் பேட்டரியை விட்டுட்டு பிஸ்மத்தையும் தாமிரத்தையும் ஜாயின்ட் பண்ணி ஒரு முனையை கொதிக்கற தண்ணிலயும் இன்னொண்ணை ஐஸ்லயும் வெச்சார். சூடும் குளிரும் மாறாதவரைக்கும் அந்த சின்ன வோல்டேஜும் மாறாது. ஒண்ணை அசையாம கட்டி வெச்சாத்தான் இன்னொண்ணை அளக்க முடியும்னு அந்த ஆளுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, நாம 300 ரூபா மீட்டரை எடுத்துக்கிட்டு எல்லாத்தையும் குத்தி பாக்கறோம்.

ஃபேனுக்கு வர்றேன், இதுதான் என் ஏரியா. ஃபேன்ல சூடு காரணம் இல்ல. செம்பு கம்பி ஒரு டிகிரிக்கு 0.4 பர்சன்ட் பக்கத்துல ஏறும், ஃபேன் 50 டிகிரி கூட சூடானாலும் 150 ஓம் 180 ஆகும், அதுக்கு மேல இல்ல. ஆனா ஓடற ஃபேன் 0.33 ஆம்பியர்தான் எடுக்குது, 230ஐ அதால வகுத்தா 697. மீதி 500 சொச்சம் எங்க இருந்து வந்துச்சு? மீட்டர் அனுப்பறது டிசி, ஒரே பக்கமா ஓடற கரண்ட். டிசிக்கு காயில்ங்கறது வெறும் நீளமான கம்பி. வீட்டு கரண்ட் ஏசி, செகண்டுக்கு 50 தடவை முன்னாடியும் பின்னாடியும் ஓடுது, அப்படி மாற மாற காயில்ல காந்தம் ஏறி எறங்கி, வர்ற வோல்டேஜுக்கு எதிரா காயிலே ஒரு வோல்டேஜை உண்டாக்குது. அந்த எதிர்ப்புதான் கரண்டை அமுக்கி வெக்குது, கம்பியோட ஓம் அதுல ஒரு பங்குதான். இந்த 697க்கு பேரு இம்பிடன்ஸ், அதையும் ஓம்லதான் சொல்வாங்க, அதான் குழப்பமே. 0.33 ஐ 0.33ஆல பெருக்கி 150ஆல பெருக்கினா 16 வாட்ஸ் சொச்சம், கம்பி சூடாகறதுல வீணாகறது சுமாரா இந்த அளவுன்னு வெச்சுக்கலாம், ஆனா இதை அப்படியே எழுதிடாதீங்க, ஏன்னா ஃபேன்ல ரன்னிங், ஸ்டார்ட்டிங்னு ரெண்டு காயில் இருக்கு, கரண்ட் ரெண்டுக்கும் பிரியுது, மீட்டர் காட்டினது ரன்னிங் காயில் மட்டும், ஸ்டார்ட்டிங் பக்கம் கன்டென்சர் டிசியை விடாது. அதே மாதிரி 150 ஓம்ங்கறதை மட்டும் வெச்சு உங்க ஃபேன் நல்லா இருக்கா இல்லையான்னு நான் சொல்ல முடியாது, கம்பெனிக்கு கம்பெனி காயில் மாறும்.

பட்டறைல நாங்க ஓம் பாக்கறது பெரும்பாலும் ஒப்பிட்டு பாக்கத்தான். போன மாசம் ஒரு விவசாயி 5 எச்பி போர் மோட்டாரை டெம்போல ஏத்திக்கிட்டு வந்தார், ஓடுது ஆனா டிரிப் ஆகுதுன்னார். மூணு வயரையும் ரெண்டு ரெண்டா வெச்சு பாத்தேன், 2.9, 2.9, 2.4. மீட்டர் வயர் ரெண்டையும் முட்ட வெச்சா அதுவே 0.3 காட்டுச்சு, அதை கழிச்சா 2.6, 2.6, 2.1. மூணும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு குறையுதுன்னா அந்த காயில்ல சுத்துக்கு சுத்து இனாமல் போய் ஒட்டிக்கிச்சு. அந்த 0.3ஐ கழிக்கற விஷயம் உங்க பல்புக்கு தேவையில்ல, 38ல 0.3 போனா என்ன வந்தா என்ன, ஆனா ரெண்டு மூணு ஓம் அளக்கறப்ப மறந்தீங்கன்னா கணக்கு பத்து பர்சன்ட் ஓடிடும்.

வாட்ஸ் பத்தி இன்னொரு பெரிய குழி இருக்கு. வோல்டேஜ் × கரண்ட் = வாட்ஸ்ங்கறது டிசிக்கும், ஏசில அயன்பாக்ஸ் பல்பு மாதிரி சூடாகற சாமானுக்கும்தான் முழுசா சரி. காயில் உள்ள எதுக்கும் அப்படி பெருக்கினா வர்றது விஏ, அதாவது வோல்ட்-ஆம்பியர், வாட்ஸ் இல்ல. பழைய 40 வாட்ஸ் டியூப்லைட்டு, செம்பு சோக் போட்டது, 0.43 ஆம்பியர் எடுக்கும். உங்க 100 வாட்ஸ் பல்பும் 0.435. டாங் டெஸ்டர், அதாவது வயரை வாயால கவ்வி கரண்ட் பாக்கற மீட்டர், ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் காட்டும். ஆனா டியூப்லைட்டு சோக்கோட சேத்து 55 வாட்ஸ் பக்கம்தான் தின்னுது. மீதி சோக்குக்குள்ள போயிட்டு போயிட்டு திரும்பி வர்ற கரண்ட், வேலை செய்யாம நடந்துக்கிட்டிருக்கற ஆள் மாதிரி. இதை பவர் ஃபேக்டர்ம்பாங்க. நம்பலைன்னா வீட்டு ஈபி மீட்டர்லயே பாக்கலாம். மீட்டர் முகத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ்னு போட்டிருக்கும், 3200ன்னு வெச்சுக்கலாம், உங்க வீட்ல வேற இருக்கலாம். ஃபிரிட்ஜ் வரைக்கும் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு பல்பை மட்டும் போட்டு அந்த சிவப்பு லைட்டு மினுக்கறதை செல்போன் ஸ்டாப்வாட்ச்ல பாருங்க, 100 வாட்ஸுக்கு 11 செகண்டுக்கு ஒரு தடவை மினுக்கும். பல்பை அணைச்சுட்டு சோக் டியூப்லைட்டை போடுங்க, 20 செகண்ட் ஆகும். கரண்ட் ஒண்ணு, வாட்ஸ் பாதி. கணக்கு இதுதான்: 3600ஐ மினுக்கற இடைவெளி செகண்டால வகுத்து, அதை 3200ஆல வகுத்தா கிலோவாட். எந்த வயரையும் தொடாம நிஜ வாட்ஸ் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி வீட்ல கெடையாது, நான் கஸ்டமர் வீட்டுக்கு போறப்ப இன்னைக்கும் இதைத்தான் பண்றேன்.

எல்இடி பல்பு, செல் சார்ஜர், டிவி இதுக்கெல்லாம் ஓம் பாக்கவே பாக்காதீங்க, உள்ள எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட்டு, மீட்டர் என்ன காட்டினாலும் அதுக்கு அர்த்தம் இல்ல. சாதா மீட்டர் அதோட கரண்டையும் தப்பாத்தான் காட்டும், அது இழுக்கற கரண்ட் ஒழுங்கான அலையா இருக்காது.

லோ வோல்டேஜ்ல என்ன ஆகும்னு பாத்தா இந்த வித்தியாசம் எல்லாம் பளிச்சுனு தெரியும். சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு எறங்கிடுச்சுன்னு வைங்க. 1500 வாட்ஸ் ஹீட்டர் ராடு, 35.3 ஓம், 190ல 5.4 ஆம்பியர்தான் எடுக்கும், 1024 வாட்ஸ். வோல்டேஜ் ஆறுல ஒரு பங்குதான் எறங்குச்சு, வாட்ஸ் மூணுல ஒரு பங்கு போச்சு, தண்ணி காய லேட்டாகும், வேற ஆபத்து இல்ல. மோட்டாருக்கு இதே கணக்கை போட்டா கரண்ட் குறையணும் இல்லையா? குறையாது, ஏறும். மேல தூக்க வேண்டிய தண்ணி அதேதான், வோல்டேஜ் குறைஞ்சா அந்த வேலையை முடிக்க மோட்டார் கரண்டை கூட இழுக்குது. கரண்ட் 20 பர்சன்ட் ஏறினா காயில் சூடு 44 பர்சன்ட் ஏறும், ஏன்னா சூட்டுக்கணக்குல கரண்ட் ரெண்டு தடவை வருது. இதை தண்ணிக்குள்ள கம்பிச்சுருளை போட்டு தெர்மாமீட்டர் வெச்சு அளந்து 1841ல எழுதினவர் ஜேம்ஸ் ஜூல், மான்செஸ்டர் பக்கம் பீர் காய்ச்சற குடும்பத்து ஆளு. அந்த ஜூல் கணக்குதான் என் பட்டறைக்கு சோறு போடுது, கோடைல வர்ற கருகின காயில்ல பெரும்பாலானது லோ வோல்டேஜ்ல வந்ததுதான்.

அதே ஜூல் கணக்கு வீட்லயும் வேலை பண்ணுது, யாரும் பாக்கறதில்ல. 2000 வாட்ஸ் கீசர் 8.7 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக்குல ஒரு பின் லூஸா இருந்து அந்த எடத்துல அரை ஓம் வந்துச்சுன்னு வைங்க. 8.7 × 8.7 × 0.5 போட்டா 38 வாட்ஸ். கீசருக்கு இது ஒண்ணுமே இல்ல, தண்ணி அப்படியேதான் காயும். ஆனா சால்டரிங் அயன் 25 வாட்ஸ்தான் தம்பி, அது ஈயத்தை உருக்குது. 38 வாட்ஸ் ஒரு பிளக் பின்னுக்குள்ள உக்காந்தா பிளாஸ்டிக் என்ன ஆகும். பிளக் கருகி வந்த வீட்ல எல்லாம் எம்சிபி, அதான் கரண்ட் அதிகமானா தானா விழற ஸ்விட்சு, ஏன் விழலைன்னு கேப்பாங்க, எம்சிபி ஏன் விழும், கரண்ட் ஏறவே இல்லையே, இன்னும் சொல்லப்போனா துளி குறைஞ்சுதான் இருக்கும். வயருக்கும் இதே கணக்கு போடலாம், ஒரு ஸ்கொயர் எம்எம் செம்பு ஒரு மீட்டருக்கு 0.0172 ஓம், கீசருக்கு 20 மீட்டர் தூரம்னா போக வர 40 மீட்டர், 0.69 ஓம், 6 வோல்ட் வழிலயே போகும், 52 வாட்ஸ் செவுத்துக்குள்ள சூடாகும். 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டா இது 21 வாட்ஸா குறையும். கீசருக்கு 2.5க்கு கீழ போடாதீங்கன்னு வயர்மேன் சொல்றது கமிஷனுக்காக இல்ல.

நானும் இந்த கணக்கு தெரியாம அவமானப்பட்டிருக்கேன். பட்டறைல சேந்த புதுசு. அங்க சீரிஸ் போர்டுன்னு ஒண்ணு இருக்கும், 100 வாட்ஸ் பல்பு வழியா கரண்ட் போய்த்தான் டெஸ்ட் பண்ற சாமானுக்கு போகும், சாமான்ல ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், ஃபியூஸ் போகாது. ஒரு அம்மா கொண்டுவந்த அயன்பாக்ஸை சொருகினேன், பல்பு பளிச்சுனு எரிஞ்சுச்சு. ஷார்ட்டு, காயில் போச்சு, மாத்தணும்னு சொல்லி காசும் வாங்கி வெச்சுட்டேன். முதலாளி வந்து பாத்தார். அயன்பாக்ஸ் 53 ஓம், எரியற பல்பு 529, ரெண்டும் வரிசையா நின்னா 0.4 ஆம்பியர் கூட போகாது, அதுல பல்புக்கு 209 வோல்ட், அயன்பாக்ஸுக்கு வெறும் 21. நல்ல அயன்பாக்ஸும் பல்பை கிட்டத்தட்ட முழுசாத்தான் எரிய வெக்கும். ஷார்ட்டுக்கும் அதுக்கும் கண்ணால வித்தியாசம் பாக்கறது கஷ்டம். நெஜத்துல போயிருந்தது பிளக்குகிட்ட மடங்கி மடங்கி உள்ள அத்துப்போன வயரு, அப்பப்ப ஒட்டும் அப்பப்ப விடும். முதலாளி காசை திருப்பி குடுத்துட்டு என்னை ஒரு வாரம் காயில் பிரிக்கற வேலைக்கு விட்டார், கை எல்லாம் வார்னிஷ்.

இனி அளக்கறப்ப நீங்க உயிரோட இருக்கணும், அதனால இதை கவனமா படிங்க. ஓம்ஸ்ல வெச்சுக்கிட்டு கரண்ட் உள்ள எதையும் தொடக்கூடாது, மீட்டர் போகும், சமயத்துல கையும் போகும். கன்டென்சர் உள்ள சாமான்னா ஆஃப் பண்ணின பிறகும் கன்டென்சர்ல கரண்ட் நிக்கும், டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத்தான் கை வெக்கணும். அதைவிட மோசம், சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைல சொருகி வெச்சதை மறந்துட்டு பிளக் பாயின்ட்ல வோல்டேஜ் பாக்க போறது. ஆம்பியர் பக்கம் மீட்டர் உள்ள கிட்டத்தட்ட வெறும் கம்பி, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல கம்பியை போட்ட மாதிரி. விலை குறைஞ்ச மீட்டர்ல அந்த ஓட்டை பக்கத்துலயே அன்ஃபியூஸ்டுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், உள்ள ஃபியூஸ் கெடையாதுன்னு அர்த்தம். உங்க மீட்டரை வெச்சு 230 வோல்ட் லைன்ல கரண்ட் அளக்கவே வேண்டாம், இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். டாங் டெஸ்டர் கெடைச்சா அதுல ஒரு வயரை மட்டும் வாய்க்குள்ள விடணும், ரெண்டு வயரையும் சேத்து விட்டா போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சு சைபர் காட்டும், பசங்க ஃபேன் கரண்ட்டே எடுக்கலைன்னு ஓடி வருவாங்க. ஃபேன் மாதிரி சின்ன லோடுன்னா அந்த ஒரு வயரை டாங் வாய்ல பத்து சுத்து சுத்தி, 3.3ன்னு வந்தா பத்தால வகுத்துக்கலாம், நேரா பாத்தா 0.3ங்கறதோட நின்னுக்கும்.

சூடான பல்போட ஓமை நீங்களே பாக்கணும்னு ஆசை இருந்தா 12 வோல்ட்ல பாருங்க. பைக் பேட்டரி ஒண்ணு, 10 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பு ரெண்டு, உங்க மீட்டரோட 10 ஆம்பியர் ஓட்டை இதுக்கு தாங்கும், பேட்டரி லைன்ல மட்டும் ஒரு சின்ன ஃபியூஸ் போட்டுக்கங்க. முதல்ல ஒரு பல்பை மட்டும் போட்டு கரண்டை எழுதிக்கங்க, 0.8 சொச்சம் வரும். அப்புறம் ரெண்டு பல்பையும் வரிசையா போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் 6 வோல்ட்தான், மங்கலா செவப்பா எரியும். கரண்ட் பாதியாகி 0.4 வரணும்னு ஃபார்முலா சொல்லும். வராது, அதைவிட தூக்கலாத்தான் நிக்கும், ஏன்னா இழை முன்னாடி இருந்த சூட்ல இல்ல. அந்த கரண்டால 6ஐ வகுத்து ஓமை எழுதி, முழு வெளிச்சத்துல வந்த ஓமையும் ஆறின பல்போட ஓமையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. ஆறின பல்பு ஒரு ஓம் சொச்சம்தான் இருக்கும், அதனால மீட்டர் வயரோட 0.3ஐ கழிக்க மறந்துடாதீங்க.